ஆறு விசிறிகளும் ஒரு சத்தமும்

சுலோசனா என் கடைக்கு வந்தபோது அவர் குரல் கேட்காமல் போய் ஒரு வருடம் ஆக மூன்று மணி நேரம்தான் பாக்கி இருந்தது. அவர் வீட்டுக் கணினியின் விசிறிச் சத்தமும் அவர் குரலும் ஒரே சுருதி. ஒரே சுருதியில் இரண்டு இருந்தால், எது நிற்காமல் ஓடுகிறதோ அதுதான் கேட்கும். மற்றது கேட்காது. கோவையில் எல்லோருக்கும் தெரிந்த விதி இது.

அவர் கவுண்டருக்கு முன்னால் நின்று பேசினார். உதடு அசைந்தது. கைகள் பேச்சுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கின. நன்றாகப் பேசக்கூடியவர் என்று தெரிந்தது. பேசி முடித்ததும் பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார்.

குரல் ஒதுக்கீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். 'தங்கள் பெயரிலுள்ள குரல் இன்று மாலை ஐந்து மணியோடு ஓராண்டாகப் பயன்பாட்டில் இல்லை. அதற்குள் பயன்பாட்டை நிரூபிக்காவிட்டால் மேற்படி குரல் காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்த நபருக்கு மாற்றப்படும்.' அடுத்த நபரின் பெயரையும் போட்டிருந்தார்கள். பல்லடத்தில் லாரி ஷெட் வைத்திருப்பவர்.

"வீட்டுக்குப் போலாங்கக்கா" என்றேன்.

என் பெயர் தெய்வானை. கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிறது என் கடை. கணினிப் பெட்டிகளுக்கு விசிறி மாட்டுவதும் மாட்டிய விசிறிகளை அடக்குவதும் என் வேலை. பதினாறு வருடமாகச் செய்கிறேன். அடங்காத விசிறியை நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பிறகு அவர்களும் பார்த்ததில்லை.

ஸ்கூட்டரில் சுலோசனா பின்னால் உட்கார்ந்து, கோவைக்குள்ளேயே இருக்கும் ராமநாதபுரம் வரை பேசிக்கொண்டே வந்தார். அவர் மூச்சு என் தோளில் பட்டதால் தெரிந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் அவரைப் பார்த்து, "அக்காவுக்குப் பெட்டிச் சத்தமுங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். "எங்க மாமியாருக்கு மிக்ஸி" என்றார்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. அன்று மூன்றாவது மாடி ஐந்தாவது மாடியில் இருந்தது. ஏறினோம்.

சத்தம் நான்காவது மாடியிலேயே கேட்டது. நான் படியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். முதலில் ஒரு இரைச்சல். காற்று நுழைய வழியில்லாமல் இடுக்கில் பிதுங்குகிற இரைச்சல். அதற்குள் ஒரு டிக் டிக். ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது. அதற்கும் அடியில் ஒரு ரீங்காரம். இரைச்சலும் டிக்கும் எனக்கு வேலையே இல்லை. ரீங்காரத்துக்கு ரப்பர் ஆணி போட்டால் போதும். நாலரைக்கு முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவர் கணவர் மருதாசலம் கதவுக்கு முதுகைக் காட்டியபடி மேசையில் உட்கார்ந்திருந்தார். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக் கொடுப்பவர். மெலிந்த மனிதர். கழுத்து மட்டும் முன்னால் நீண்டு திரையை எட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க" என்றார், திரும்பாமல்.

"சத்தம் அதிகமா இருக்குதுங்ணா."

"அப்படீங்களா? எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. பழகிப்போச்சு."

"அக்கா பேசறது கேக்குதுங்களா?"

"அவ பேசறதில்லீங்க. ஒரு வருஷமா."

"ஏனுங்க?"

"கோவம்."

"எதுக்குக் கோவமுங்க?"

"கேக்கலீங்க."

சுலோசனா அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். விரலை நீட்டி, மடக்கி, மறுபடியும் நீட்டினார். மருதாசலம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியை அணைச்சிடுங்ணா. அரை மணி நேரத்துல திருப்பித் தர்றேன்."

"அணைக்க முடியாதுங்க" என்று திரையைக் காட்டினார். "கல்யாணம் நின்னு போயிரும்."

திரையில் சூலூர்ப் பெண் ஒருத்தி மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை தாலியை இரண்டு கையிலும் பிடித்திருந்தான். மூலையில் அறுபத்திரண்டு சதவீதம் என்று இருந்தது. அந்த எண் தை மாதத்திலிருந்து நகரவில்லை என்றார் மருதாசலம். நடுவில் அணைத்தால் அந்தக் கல்யாணம் நடக்காததாகிவிடும். பெண் வீட்டார் ஏற்கெனவே நான்கு முறை போன் செய்து, தாங்கள் இன்னும் சாப்பிடவில்லை என்று சொன்னார்களாம்.

பெண் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குத் தலையசைத்தேன். ஓடுகிற பெட்டியிலேயே வேலை செய்வது எனக்குப் புதிதில்லை.

முதலில் பெட்டியைக் கம்பளத்திலிருந்து தூக்கி ஒரு பலகை மேல் வைத்தேன். முன்பக்கத்தில் பளபளவென்று ஒரு கண்ணாடித் தகடு ஒட்டி மூடியிருந்தது. கழற்றினேன். மூன்று விசிறிகள் ஒன்றாக மூச்சு வாங்கின. இரைச்சல் பாதியானது. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று மூக்கை அடைத்துவிடுகிறார்கள். இதை நான் வாரத்துக்கு மூன்று முறை சொல்கிறேன்.

பிறகு பக்கவாட்டுக் கதவின் இரண்டு திருகுகளைக் கழற்றித் திறந்தேன்.

உள்ளே ஒரு நீண்ட தாழ்வாரம் இருந்தது. பெட்டி விலை உயர்ந்தது, அதனால் இடம் தாராளம். டார்ச்சையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு குனிந்து நுழைந்தேன். இருபது அடிக்குப் பிறகு நிமிர்ந்து நடக்க முடிந்தது.

முன் விசிறிகள் மூன்றும் வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தன. ஒவ்வொன்றின் சட்டத்திலும் இரண்டு அம்புக்குறி இருக்கும். ஒன்று இறக்கை சுற்றும் திசை. மற்றது காற்று போகும் திசை. பார்த்தேன். மூன்றும் சரி. உள்ளே இழுத்தன. இரும்புத் திருகுகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் ரப்பர் ஆணிகளைக் கோத்து இழுத்தேன். ரப்பரில் மாட்டினால் விசிறியின் நடுக்கம் பெட்டித் தகட்டுக்குப் போகாது. தகடு நடுங்காவிட்டால் பெட்டி பாடாது. மேல் விசிறிகள் இரண்டுக்கு ஏணி தேவைப்பட்டது. ஏணி அங்கேயே இருந்தது. ஏறினேன். ஒன்றின் ஒயர் இறக்கையில் உரசிக்கொண்டிருந்தது. ஒதுக்கிக் கட்டினேன். டிக் டிக் நின்றது.

ஆறாவது விசிறி பின்பக்கம். நடந்தேன். தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. காற்று முன்னாலிருந்தும் வந்தது, பின்னாலிருந்தும் வந்தது. நடுவில் என் முந்தானை எந்தப் பக்கம் பறப்பது என்று தெரியாமல் நேராக மேலே நின்றது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பின் விசிறியை யாரோ திருப்பி மாட்டியிருக்கிறார்கள். சூட்டை வெளியே தள்ள வேண்டியது, வெளிக்காற்றை உள்ளே ஊதுகிறது.

பாதி வழியில் ஒருவர் மண்டியிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர்.

"நீங்க யாருங்க?"

"ரத்தினசபாபதி. மெக்கானிக். போன வருஷம் இந்தப் பின்னாடி ஃபேனை மாட்ட வந்தனுங்க."

"இன்னும் போகலீங்களா?"

"ஒரு ஸ்க்ரூ விழுந்திருச்சுங்க. டங்குனு சத்தம் கேட்டுச்சு. எங்கேனு தெரியல. அப்படியே விட்டுட்டுப் போக முடியுங்களா? போர்டு மேல உருண்டுச்சுன்னா எல்லாம் போச்சு."

அவர் சொன்னது சரி. நல்ல தொழில்காரர். ஆனால் விசிறியைத் திருப்பி மாட்டியவர்.

"வீட்டுல தேட மாட்டாங்களா?"

"தேடுவாங்க. ஆனா வெறுங்கையோட எப்படிங்க போறது?"

"காலைத் தூக்குங்க" என்றேன்.

தூக்கினார். திருகு அவர் இடது செருப்பின் அடிப்பள்ளத்தில் சொருகியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"இதே செருப்போடதானுங்க தேடிட்டிருந்தேன்" என்றார்.

"டார்ச்சைப் பிடிங்க."

இரண்டு பேருமாகப் பின் விசிறிக்குப் போனோம். அவர் வெளிச்சம் காட்டினார். நான் மிச்சமிருந்த மூன்று திருகையும் கழற்றி, விசிறியைத் திருப்பி, ரப்பரில் மாட்டினேன். காற்று ஒரே திசைக்கு வந்தது. தாழ்வாரம் சுருங்கியது. வெளியே வர மூன்று நிமிடம் போதுமாக இருந்தது. ரத்தினசபாபதி சுலோசனாவைக் கும்பிட்டுவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மாடி அப்போது மூன்றாவது மாடியிலேயே இருந்தது. அதிர்ஷ்டக்காரர்.

மணி நாலு பத்து. கடைசி வேலை, வேகம். விசிறிகளை நேராகக் கரண்டில் கொடுத்து முழு வேகத்தில் ஓட விட்டிருந்தார்கள். அவற்றைப் போர்டில் மாட்டி, எத்தனை சூட்டுக்கு எத்தனை வேகம் என்று கோடு போட்டேன். சூடு ஏறியதும் பாய வேண்டாம், பத்து விநாடி பொறுத்துப் பார் என்று ஒவ்வொரு விசிறிக்கும் சொல்லி வைத்தேன். நின்று நிதானித்து ஓடுகிற விசிறியின் சத்தம் காதில் விழாது. எகிறி இறங்குவதுதான் விழும். ஆறும் அடங்கின. ஒரு மெல்லிய டிஷ்யூ தாளை முன்னால் காட்டினேன். ஒட்டியது. பின்னால் காட்டினேன். பறந்தது.

வேலை சுத்தம்.

ரீங்காரம் மட்டும் அப்படியே இருந்தது.

நான் சுலோசனாவைப் பார்த்தேன். அவர் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது. அதிகாரி வந்திருந்தார். பெயர் ஜெபராஜ், ஊர் நாசரேத் என்று அவரே சொன்னார். ஒரு கையில் முத்திரைப் பெட்டி. இன்னொரு கையில் எவர்சில்வர் தூக்கு.

"தூக்கு எதுக்குங்க?"

"குரலை எதுலம்மா கொண்டு போறது? கையிலயா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு படிவத்தை விரித்தார்.

"நீங்க யாரு?"

"மெக்கானிக்குங்க."

"இங்க இருக்கியளா?"

"இருக்கேன்."

"அத்தாட்சி?"

திருப்புளியைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, ஒரு முறை சுற்றிப் பார்த்து, 'இருக்கிறார்' என்று எழுதிக்கொண்டார். பிறகு சுலோசனாவிடம் திரும்பி, "அம்மா, ஒரு வார்த்தை பேசுங்க" என்றார்.

சுலோசனா பேசினார். ஒரு வார்த்தை இல்லை, நிறைய.

"ஒண்ணும் கேக்கலயே" என்றார் ஜெபராஜ். "அஞ்சு வரைக்கும் இருக்கேன். அப்புறம் எடுத்துட்டுப் போய்டுவேன். பல்லடத்துக்காரர் எங்க ஆபீஸ்ல வந்து உக்காந்திருக்காரு. பாவம், அவரும் எவ்வளவு காலம் விசில்லயே காலத்த ஓட்டுவாரு?"

மணி நாலரை.

ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றால் ஒரே வழிதான் உண்டு. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக ஓட விட வேண்டும். விசிறி இல்லாமல் இந்தப் பெட்டி இரண்டு நிமிடம் தாங்கும். அதற்கு மேல் சூட்டில் தானே அணைந்துவிடும். அணைந்தால் கல்யாணம் போய்விடும்.

"அண்ணா, ரெண்டு நிமிஷம் எல்லா ஃபேனையும் நிறுத்தறேன்."

"ஐயோ, பொண்ணு வீட்டுக்காரங்க..."

"ரெண்டு நிமிஷம்."

முன் விசிறிகளைப் பிடுங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மேல் விசிறிகளைப் பிடுங்கினேன். பின் விசிறியைப் பிடுங்கினேன். ஆறும் நின்றன. சூடு அறுபது. எழுபது. திரையில் பெண்ணின் நெற்றி வியர்த்தது. மாப்பிள்ளை தாலியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு சட்டைக் காலரைத் தளர்த்தினான். எண்பது.

ரீங்காரம் நிற்கவில்லை.

பதினாறு வருடத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை. மேசையில் கிடந்த கல்யாண அழைப்பிதழ் ஒன்றைச் சுருட்டிக் குழலாக்கி ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையைப் பெட்டியின் மேல் நகர்த்தினேன். பெட்டியில் சத்தம் இல்லை. மேசையில் வைத்தேன். கொஞ்சம் கேட்டது. நாற்காலியில் வைத்தேன். நன்றாகக் கேட்டது. நாற்காலியின் கைப்பிடி வழியாக மருதாசலத்தின் முழங்கைக்குப் போனேன். தோளுக்குப் போனேன். தொண்டையில் குழலை வைத்ததும் காதே அதிர்ந்தது.

எண்பத்தெட்டு. ஆறு விசிறிகளையும் திரும்ப மாட்டினேன். பெண்ணின் வியர்வை காய்ந்தது.

"அண்ணா, சத்தம் உங்ககிட்ட இருந்து வருதுங்க."

"எங்கிட்ட இருந்துங்களா?" என்றார் மருதாசலம். அவர் பேசும்போதும் அடியில் ரீங்காரம் ஓடிக்கொண்டிருந்தது. "நான் சும்மாதானுங்க உக்காந்திருக்கேன்."

ஜெபராஜ் எழுந்து வந்து தானும் குழலை வைத்துக் கேட்டார். "ஆமா. 'ம்'னு கேக்குது" என்றார்.

அதைக் கேட்டதும் சுலோசனா இரண்டு கையையும் தட்டினார். கை தட்டின சத்தம் கேட்டது. அதற்குத் தடையில்லை. எங்கள் இருவரையும் பார்க்கும்படி கைகாட்டிவிட்டு நடித்துக் காட்டத் தொடங்கினார்.

முதலில் அவர் அவராக இருந்தார். கதவருகே போய் நின்று, முந்தானையைச் சரிசெய்து, மேசையைப் பார்த்து ஏதோ கேட்டார். முகம் முழுக்கச் சந்தோஷம். பிறகு ஓடிவந்து தரையில் உட்கார்ந்து மருதாசலமாக மாறினார். கழுத்தை நீட்டினார். கண்ணைத் திரையில் வைத்தார். உதட்டை மூடி, தலையைக் கால் அங்குலம் அசைத்தார். மறுபடி அவராகிக் கதவருகே போனார். காத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக முகத்திலிருந்து சந்தோஷத்தை இறக்கினார். அதைச் செய்ய அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. உண்மையில் ஒரு வருடம் ஆகியிருக்கும்.

"அக்கா ஏதோ கேட்டாங்க. நீங்க 'ம்'னு சொன்னீங்க" என்றேன். "போன வருஷம் இதே நாள்."

"சொல்லியிருப்பனுங்க" என்றார் மருதாசலம்.

"சொல்லி முடிச்சீங்களா?"

அவர் யோசித்தார்.

"ஞாபகமில்லீங்க."

"முடிக்கல. இன்னும் சொல்லிட்டே இருக்கீங்க."

மருதாசலம் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். ஓடுகிற விசிறியைத் தொட்டவர் போல விரலை எடுத்துக்கொண்டார். "அப்ப அவ பேசாம இருந்தது?"

"பேசிட்டுதான் இருக்காங்க. நீங்கதான் மேல ஓடிட்டிருக்கீங்க."

"பன்னெண்டு நிமிஷம்" என்றார் ஜெபராஜ், தூக்கின் மூடியைத் திறந்து வைத்து.

மருதாசலம் 'ம்'மை நிறுத்தப் பார்த்தார். மூச்சை அடக்கினார். ரீங்காரம் ஓடியது. வாயைத் திறந்தார். மூக்கால் ஓடியது. நான் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் கொடுத்துப் பார்த்தேன். நடுக்கம்தான் குறைந்தது. அவர் என்னைப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது. "எப்படிங்க நிறுத்தறது? எனக்குத் தெரியலீங்களே."

எனக்குத் தெரிந்தது. திருப்பி மாட்டிய விசிறி எத்தனை வேகமாகச் சுற்றினாலும் சூடு இறங்காது. வேகத்தில் கோளாறு இல்லை. முகம் வேறு பக்கம் இருக்கிறது.

"திரும்புங்ணா" என்றேன்.

"எங்கே?"

"அக்கா பக்கம்."

நாற்காலி சுழல்கிற வகைதான். ஒரு வருடமாகச் சுழலவில்லை. மருதாசலம் காலை ஊன்றித் தள்ளினார். திரை அவர் முகத்திலிருந்து மெதுவாக விலகியது. பிறகு சுவர் வந்தது. சுவர் முடிய வெகுநேரம் ஆனது. சுவருக்குப் பிறகு ஒரு ஜன்னல் வந்தது; ஜன்னலில் ஒரு ஆடி மாதம் முழுவதும் காற்று அடித்து ஓய்ந்தது. பிறகு பீரோ. பீரோவில் ஒட்டிய பழைய ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகக் கடந்தார். ஜெபராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம். நான் பின்னாலிருந்து தள்ளவில்லை. இதைத் தள்ளக் கூடாது. பிறகு காலண்டர். பிறகு சமையலறைக் கதவு. இரண்டு நிமிடம். பிறகு ஒரு பச்சைப் பட்டுச் சேலையின் ஓரம்.

நாற்காலி நின்றது.

அவர் சுலோசனாவைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"காதோரத்துல நரைச்சிருச்சே உனக்கு" என்றார்.

ரீங்காரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபராஜ் தூக்கைக் கையில் எடுத்தார். அரை நிமிடம்.

"என்னம்மிணி கேட்டே?" என்றார் மருதாசலம்.

ரீங்காரம் நின்றது.

அப்படியொரு அமைதி. மூன்று வீடு தள்ளி யாரோ வெங்காயம் நறுக்குவது கேட்டது. ஆறு விசிறிகளும் ஓடுகின்றன என்று இறக்கையைப் பார்த்துத்தான் நான் உறுதிசெய்துகொண்டேன். அப்புறம் சுலோசனாவின் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் கெட்டியான குரல். ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து வந்தது.

"...அதைத்தான் கேக்கறேன், போலாமா, வேண்டாமா?"

ஜெபராஜ் முத்திரையைக் குத்தினார். சரியாக ஐந்து. தூக்கை மூடி மேசைக்கு அடியில் தள்ளிவைத்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை.

"எங்க போலாமா?" என்றார் மருதாசலம்.

"பொள்ளாச்சிக்கு. தங்கச்சிக்குக் கொழந்தை பொறந்திருக்கு, போய்ப் பாத்துட்டு வரலாமான்னு கேட்டேன். 'ம்'னீங்க. சரி, கெளம்பறீங்கன்னு சீலையக் கட்டிட்டு வந்து நின்னேன்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கே. இன்னும் அதே சீலையிலதான் நிக்கறேன். பாக்கலியா?"

மருதாசலம் சேலையைப் பார்த்தார். மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"நீ கோவமா இருக்கேன்னு நெனச்சேன்."

"கோவமாத்தான் இருந்தேன். ஒரு வருஷம் ஒருத்தி பேசலைன்னா ஏன்னு கேக்கமாட்டீங்களா?"

"கேட்டா இன்னும் கோவப்படுவியோன்னு..."

"பட்டிருப்பேன். பட்டா என்ன? முடிஞ்சிருக்கும்ல?"

மருதாசலம் எழுந்தார். நாற்காலி வெறுமையாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. அவர் சுலோசனாவுக்கு முன்னால் போய் நின்று, கசங்கிய மடிப்பு ஒன்றைக் கையால் நீவினார். அது நேராகவில்லை. மறுபடி நீவினார்.

"பையனா, பொண்ணா?" என்று கேட்டார்.

"பொண்ணு. யாழினின்னு பேரு. நடக்கறா. ரெண்டு பல்லு மொளச்சிருச்சு. நாலு தடவை சொன்னேன்."

"மறுபடி சொல்லு."

சுலோசனா மறுபடி சொன்னார். அதே வார்த்தைகள்தான். சொல்லும்போது குரல் உடைந்தது. உடைந்த இடம் முத்திரைக்கு முன்னாலா பின்னாலா என்று ஜெபராஜ் கவலைப்பட்டார். பின்னால்தான் என்று உறுதிசெய்துகொண்டார்.

அப்போது மேசையிலிருந்து கெட்டிமேளம் கேட்டது. பெட்டி நன்றாகக் குளிர்ந்திருந்தது. அறுபத்திரண்டு சதவீதம் நூறாகியிருந்தது. மாப்பிள்ளை இரண்டு கையையும் சேர்த்துத் தாலி கட்டிக்கொண்டிருந்தான். ஜெபராஜ் சட்டைப் பையில் கை விட்டார். அவரிடம் அட்சதை இருந்தது. அரசு அலுவலர்களிடம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். எங்களுக்கும் கொடுத்தார். நால்வரும் திரையில் போட்டோம். பெண் நிமிர்ந்து கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிச் சொடக்கெடுத்தாள்.

"கெளம்பலாமா?" என்றார் மருதாசலம். சட்டையை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க. வழியில ஏதாச்சும் சத்தம் வந்தா?" என்றார்.

நியாயமான பேச்சு. திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டேன். ஜெபராஜும் வந்தார். ஆபீசுக்குப் போனால் பல்லடத்துக்காரர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் என்ன சொல்வது என்றார்.

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் நின்றிருந்தது. நல்ல கூட்டம். ஆனாலும் எங்கள் நால்வருக்கும் சேர்ந்தாற்போல இடம் கிடைத்தது. சுலோசனா ஜன்னல் பக்கம். மருதாசலம் அவர் பக்கம் திரும்பி, முதுகை வழிக்குக் காட்டியபடி உட்கார்ந்தார். ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் அவர் முதுகில் இடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை.

சுலோசனா முதல் நாளிலிருந்து தொடங்கினார். அன்று காலை பால் திரிந்தது. மறுநாள் தண்ணீர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் கீழ்வீட்டு அம்மா வந்து, மருதாசலத்தைப் பார்த்துவிட்டு, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை, வேலை என்று சுலோசனா சொன்னார். சொன்னது அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. போய்விட்டார். அன்றைக்குத்தான் சுலோசனா முதல் தடவை அழுதார். அழுததும் யாருக்கும் கேட்கவில்லை.

"எங்க உக்காந்து அழுதே?" என்றார் மருதாசலம்.

"உங்களுக்குப் பின்னால."

ஒத்தக்கால்மண்டபம் தாண்டும்போது சித்திரை மாதம் வந்திருந்தது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். நின்றிருந்தவர்கள் கம்பியைப் பிடித்தபடி எங்கள் பக்கம் சாய்ந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார். ஒரு இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு இடத்தில் ஜெபராஜ் கைக்குட்டையை எடுத்தார்.

கிணத்துக்கடவுக்கு முன்னால் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் ஒரக்கச் சொல்லுங்க. இங்க எஞ்சின் சத்தத்துல பாதி கேக்க மாட்டேங்குது."

"இதுக்கு மேல ஒரக்க வராதுங்க தம்பி" என்றார் சுலோசனா. "ஒரு வருஷம் கழிச்சு இப்பத்தான் வந்திருக்கு."

டிரைவர் யோசித்தார். பிறகு கையை நீட்டி எஞ்சினை அணைத்தார்.

பஸ் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தென்னை மரங்கள் ஓசையில்லாமல் பின்னால் நகர்ந்தன. சுலோசனா வைகாசியைச் சொல்லத் தொடங்கினார்.